தோல் நோய் மருந்தாய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொரியாசிஸ், எக்ஸிமா, வெண்புள்ளி, புழுவெட்டு என்று ஏதோ ஒன்றோடு பல வருடம் அல்லாடியவரிடம் ஒருநாள் மருத்துவர், "புது மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்கிறார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் ஒவ்வொன்றாக முளைக்கும். அப்படி வரும் கேள்விகளில் அடிக்கடி காதில் விழுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆய்வில் சேரும் எண்ணமே இல்லாதவர்களும் படிக்கலாம். இன்று நாம் பூசும் களிம்பு ஒவ்வொன்றும் முன்பின் தெரியாத சிலர் தங்கள் தோலைக் கொடுத்துச் சோதித்ததால் நம் கைக்கு வந்ததுதான்.

கிளினிக்கல் டிரையல் என்றால் எங்களைச் சோதனை எலி ஆக்குவதுதானே?

ஒரு மருந்தோ, ஒளிச்சிகிச்சையோ, குளிக்கும் முறையோ உண்மையிலேயே பலன் தருகிறதா, கெடுதல் செய்கிறதா என்பதை மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் மருந்தாய்வு. யாரைச் சேர்ப்பது, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு விளக்கம் சொல்லி, உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதித்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம்.

ஆனால் அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் சிறை என்று ஒன்று இருந்தது. 1951 முதல் 1974 வரை அங்கிருந்த கைதிகள்மீது பல தோல் பரிசோதனைகள் நடந்தன. நடத்தியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், அந்தக் காலத்தில் பெரிய பெயர் வாங்கிய தோல் மருத்துவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். தங்கள் உடம்பில் என்ன தடவப்படுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. டையாக்சின் என்ற நச்சுப்பொருளைக்கூடச் சிலர் தோலில் இட்டுப் பார்த்தார்கள். பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க 2021 வரை ஆனது. முகப்பருவுக்கு இன்று உலகமெங்கும் பூசப்படும் ட்ரெடினாயினின் வரலாற்றிலும் அந்தச் சிறைக்கு இடம் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கிறது.

நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம், விலகும் உரிமை என்று இன்று இருக்கும் எல்லாமே இப்படிப்பட்ட அநியாயங்களுக்குப் பிறகு கட்டப்பட்ட வேலிகள். படிவம் 20 பக்கம் இருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாமல் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு களிம்பைப் பூசினேன், ஆறிவிட்டது. கண்ணெதிரே தெரிகிறதே, அப்புறம் எதற்கு ஆய்வு?

தோல் நோயில் இதுதான் பெரிய சிக்கல். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். தோலோ எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதனால் எல்லோரும் தாங்கள் பார்த்ததையே நம்பிவிடுகிறோம். ஆனால் பல தோல் நோய்கள் தாமாகவே ஏறி இறங்கும். எக்ஸிமா ஒரு மாதம் கொதித்து, அடுத்த மாதம் அடங்கும். சொரியாசிஸ் பலருக்கு வெயில் காலத்தில் தணியும். புழுவெட்டில் சிறு வட்டமாகக் கொட்டிய முடி பல நேரம் எதுவும் செய்யாமலே வளர்ந்துவிடும். மருக்கள் ஒருநாள் காணாமல் போகும். நாம் களிம்பைத் தேடிப் போவது நோய் உச்சத்தில் இருக்கும்போது. அதன்பின் நோய் தானே இறங்கினாலும் பெயர் களிம்புக்குத்தான் போகும்.

சில வருடங்களுக்கு முன் பிரிட்டனில் எக்ஸிமா பற்றி மூன்று ஆய்வுகள் நடந்தன. மூன்றும் எனக்குப் பிடித்தவை. ஒன்றில், ஒவ்வாமை வரலாறுள்ள குடும்பங்களில் பிறந்த 1,394 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு முதல் வருடம் முழுக்கத் தினமும் ஈரப்பத க்ரீம் பூசச் சொன்னார்கள். எக்ஸிமா வராமல் தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கேட்டால் யாருக்குமே நியாயமாகத்தான் படும். 2 வயதில் பார்த்தபோது பூசியவர்களில் 23 சதவீதம் பேருக்கு எக்ஸிமா, பூசாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பூசிய குழந்தைகளுக்குத் தோல் தொற்று மட்டும் சற்றுக் கூடுதலாக வந்தது. இன்னொன்றில், எக்ஸிமா உள்ள 483 குழந்தைகளிடம் குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவையைச் சோதித்தார்கள். கூடுதல் பலன் இல்லை. மூன்றாவதில் 336 குழந்தைகளின் வீடுகளில் கடின நீரை மென்மையாக்கும் கருவி சோதிக்கப்பட்டது; அதிலும் நோய் குறையவில்லை.

இதைப் படித்துவிட்டு, எக்ஸிமா வந்த குழந்தைக்கு ஈரப்பத க்ரீமை நிறுத்திவிடாதீர்கள். வந்த நோய்க்கு அது அடிப்படைச் சிகிச்சை. வருமுன் தடுக்கும் என்ற நம்பிக்கைதான் பலிக்கவில்லை.

எனக்கு மருந்தில்லாத வெறும் க்ரீம் கிடைத்துவிட்டால்?

கிடைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவுக்கு மருந்து க்ரீமும் இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத க்ரீமும் தருவார்கள். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால், "மருந்து போட்டவர்தானே, குறைந்த மாதிரிதான் இருக்கிறது" என்று கண் தானாகவே சாய்ந்துவிடும்.

தோல் ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மருந்து சேர்க்காத அந்த வெறும் க்ரீமே கொஞ்சம் வேலை செய்யும். தோலை ஈரமாக வைக்கும், வெடிப்பை மூடும், அரிப்பைத் தணிக்கும். ஆகவே மருந்து க்ரீமை ஒன்றுமே பூசாதவர்களோடு ஒப்பிட்டால் பலனை ஊதிப் பெருக்கியதாகிவிடும். அதே கலவையில் மருந்தை மட்டும் எடுத்துவிட்டு ஒப்பிட்டால்தான் மருந்தின் பங்கு பிரிந்து தெரியும். வெண்புள்ளிக்கான ரக்ஸோலிடினிப் க்ரீமை இரண்டு பெரிய ஆய்வுகளில் இப்படித்தான் பார்த்தார்கள். 24 வாரத்தில், முகத்தில் இழந்த நிறத்தில் முக்கால் பங்காவது திரும்பியவர்கள் மருந்துக் குழுவில் 100க்குச் சுமார் 30 பேர். வெறும் க்ரீம் குழுவில் ஓர் ஆய்வில் 7 பேர், மற்றதில் 11 பேர். அதை வைத்துத்தான் 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நோய் மிகவும் முற்றினால் மாற்று மருந்து கொடுக்கும் ஏற்பாடு பல ஆய்வுகளில் இருக்கும். குறிப்பிட்ட வாரங்கள் முடிந்ததும் எல்லோருக்கும் அசல் மருந்தே தருவதும் உண்டு. உங்கள் ஆய்வில் எப்படி என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கையில் ஒரு க்ரீம், மறு கையில் வேறு க்ரீம் என்கிறார்களே?

தோல் ஆய்வுக்குக் கிடைத்த நல்ல வசதி இது. ஒரே ஆளின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒப்பீடு. வயது, உணவு, மன உளைச்சல் எதுவும் குறுக்கே வராது. குறைந்த ஆட்களை வைத்தே விடை கிடைக்கும். ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்தால் மறுபக்கமும் பலன் காட்டும். தூக்கத்தில் சொறியும்போது இரண்டும் கலந்துவிடலாம். எந்தக் குழாய் எந்தக் கைக்கு என்று மாறிப் போனால் உடனே சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் ஆய்வு கெடும்.

முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? பார்த்துச் சொல்வதுதானா?

பார்த்துத்தான், ஆனால் கணக்கு வைத்துப் பார்ப்பார்கள். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கையின் பரப்பு உடம்பின் மொத்தத் தோலில் சுமார் 1 சதவீதம். நோய் எத்தனை உள்ளங்கை அளவு பரவியிருக்கிறது என்று எண்ணுவார்கள். சொரியாசிஸுக்கு 'பாசி' என்ற மதிப்பெண் 1978 முதல் இருக்கிறது. தலை, கைகள், உடல், கால்கள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, செதில் எவ்வளவு என்று போட்டு 0 முதல் 72 வரை கணக்கிடுவார்கள். 'பாசி 75' என்று படித்தால், ஒருவரின் மதிப்பெண் ஆரம்பத்தில் இருந்ததில் 75 சதவீதமாவது குறைந்தது என்று பொருள். 75 சதவீதம் பேருக்குக் குணமானது என்று அதைப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு.

இது மருத்துவரின் கண் சொல்வது. உங்கள் வாழ்க்கை சொல்வது தனி. உள்ளங்கையில் மட்டும் நோய் இருப்பவருக்குப் பரப்பு மிகக் குறைவு, ஆனால் அவரால் பேனா பிடிக்க முடியாது. பிறப்புறுப்பில் சின்னத் திட்டு இருப்பவருக்கு மதிப்பெண் ஒன்றுமில்லை, தாம்பத்தியமே சிதைந்திருக்கும். இதற்காக 1994இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்ற இருவர் 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு எப்படி, வெட்கப்பட்டீர்களா, உடையை மாற்றினீர்களா, வேலை கெட்டதா என்று கேட்டு 0 முதல் 30 வரை மதிப்பெண் போடும். அரிப்பைத் தனியாக 0 முதல் 10 வரை தினமும் குறிக்கச் சொல்வதும் வழக்கம்.

அந்தத் தாளைக் கடைசி நேரத்தில் வரவேற்பறையில் உட்கார்ந்து அவசரமாக நிரப்பாதீர்கள். இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதை நீங்கள் எழுதினால்தான் யாருக்கும் தெரியும்.

கருத்த தோலில் இந்த மதிப்பெண்கள் சரியாக வருமா?

முழுதாக வராது. இதை ஆய்வுத் துறை மிகத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

மதிப்பெண்களில் சிவப்பு ஒரு முக்கியக் கூறு. வெளிர்ந்த தோலில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, கருத்த தோலில் ஊதாவாக, சாம்பலாக, அடர்பழுப்பாகத் தெரியும். பழகாத கண் அதைத் தவறவிடும். நோய் கடுமையாக இருந்தும் குறைவாக மதிப்பிடப்பட்டு, ஆய்வில் சேரும் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்படவும்கூடும். விரலால் தொட்டுத் தடிப்பையும் சூட்டையும் உணர்வது, நல்ல பகல் வெளிச்சத்தில் பார்ப்பது, பக்கத்தில் இருக்கும் நல்ல தோலோடு ஒப்பிடுவது எல்லாம் இங்கே கூடுதல் அவசியம்.

இன்னொன்று, நோய் ஆறிய பிறகு வரும் கருமை. மதிப்பெண் தாளில் பூஜ்யம், குணமாகிவிட்டது. நோயாளியோ கையைப் பார்த்து, எதுவுமே போகவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் சரி. வீக்கம் போய்விட்டது, அது விட்டுச்சென்ற நிறம் மறைய மாதக்கணக்கில் ஆகும். பல நோயாளிகளுக்கு அரிப்பைவிட அந்தக் கருமைதான் பெரிய துயரம். அதையும் அளக்கும் ஆய்வுகள் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தோல் வகை 1 முதல் 6 வரை என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அது ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற மருத்துவர் 1975இல் நான்கு வகைகளோடு தொடங்கி, பின்னால் ஆறாக விரிந்தது. வெயிலில் எவ்வளவு எளிதில் எரியும், எவ்வளவு கருக்கும் என்று கணித்து ஒளிச்சிகிச்சைக்கு அளவு வைக்கத்தான் அதைச் செய்தார். நிறத்தையும் இனத்தையும் பிரிக்க அதைப் பயன்படுத்துவது பொருந்தாத வேலை.

ஆய்வுக்கு எத்தனை கட்டங்கள்?

முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பு, இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் நூற்றுக்கணக்கானோரிடம் ஒப்பீடு. நான்காவது, மருந்து விற்பனைக்கு வந்த பிறகான கண்காணிப்பு. இந்த நான்காவதை யாரும் கண்டுகொள்வதில்லை. சொரியாசிஸுக்கான எஃபாலிசுமாப் என்ற ஊசி மூன்று கட்டங்களும் தாண்டி 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீண்டகாலம் போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு உயிரைப் பறிக்கும் மூளைத் தொற்று வந்தது தெரிந்து, 2009இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அவ்வளவு அரிதான பக்கவிளைவு சில நூறு பேரிடம் சில மாதம் பார்த்தால் தெரிய வராது.

ஆய்வுகளால் நிஜமாகவே பெரிதாக ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. பெம்ஃபிகஸ் என்பது வாயிலும் உடலிலும் கொப்புளம் வெடித்துப் புண்ணாகும் கொடிய நோய். ஸ்டீராய்டு மட்டுமே கொடுத்த குழுவையும், ரிடுக்ஸிமாப் ஊசியோடு குறைந்த காலம் ஸ்டீராய்டு கொடுத்த குழுவையும் பிரான்ஸில் 90 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2 வருடம் கழித்து எந்த மருந்தும் இல்லாமல் நோயின்றி இருந்தவர்கள் ஊசிக் குழுவில் 89 சதவீதம், மற்றதில் 34.

குழந்தைகளின் முகத்தில் செம்பழம் போல வளரும் ரத்தக்குழாய்க் கட்டியின் கதை இன்னும் அழகானது. பிரான்ஸின் போர்டோ நகரில் அப்படி ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறும் வந்ததால் ப்ரோப்ரனலால் என்ற இதய மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டி நிறம் மாறி மென்மையானதை லியோதே-லாப்ரெஸ் என்ற மருத்துவரும் குழுவினரும் கவனித்து 2008இல் எழுதினார்கள். கண்ணால் பார்த்ததோடு விட்டிருந்தால் அது செவிவழிச் செய்தியாகவே நின்றிருக்கும். பிறகு சுமார் 460 குழந்தைகளிடம் முறைப்படி ஒப்பிட்டார்கள். 24 வாரத்தில் கட்டி முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ மறைந்தது மருந்து பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு, போலி மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்கு.

சிரங்கு மாதிரி எளியவர்களை வாட்டும் நோய்க்கும் நல்ல ஆய்வு உண்டு. ஃபிஜித் தீவுகளில் நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் ஊர் முழுக்க ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் சிரங்கு 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்து எதுவும் தேவைப்படவில்லை. வழக்கப்படி, நோய் வந்தவருக்கும் அவரோடு நெருங்கிப் பழகியவருக்கும் மட்டும் மருந்து கொடுத்த இடங்களில் பாதிதான் குறைந்தது.

"90 சதவீதம் பலன்" என்று செய்தி வந்தால் நம்பலாமா?

எதோடு ஒப்பிட்டு, எத்தனை வாரத்தில், எதைப் 'பலன்' என்று எண்ணினார்கள் என்று தேடுங்கள். சொரியாசிஸ் பல வருடம் கூடவே வரும். ஆய்வின் முக்கிய முடிவு பெரும்பாலும் 12 அல்லது 16 வாரத்தில் எடுக்கப்படும்.

எண் குறைவாக இருந்தால் மருந்து மோசம் என்றும் இல்லை. முதியவர்களுக்கு வரும் பெம்ஃபிகாய்டு என்ற கொப்புள நோய்க்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். 6 வாரத்தில் கொப்புளம் அடங்கியவர்கள் டாக்ஸிசைக்ளினில் 74 சதவீதம், ஸ்டீராய்டில் 91 சதவீதம். ஸ்டீராய்டு ஜெயித்த மாதிரி தெரிகிறது. ஆனால் ஒரு வருடத்தில் கடுமையான பக்கவிளைவுகள் டாக்ஸிசைக்ளினில் 18 சதவீதம், ஸ்டீராய்டில் 36 சதவீதம். சர்க்கரையும் எலும்புத் தேய்மானமும் உள்ள 80 வயதுக்காரருக்கு எது நல்லது என்பதை இந்த நான்கு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும்.

சேருமுன் இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்த வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். பூச்சு மருந்தை 2 வாரம், மாத்திரையை 4 வாரம், ஊசியானால் அதைவிடக் கூடுதலாக நிறுத்தச் சொல்வது பொதுவான வழக்கம். பழைய மருந்தின் பலன் புது மருந்தின் கணக்கில் சேரக்கூடாது. அந்த இடைவெளியில் நோய் பொங்கலாம். பலர் விலகுவது அப்போதுதான். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விட்டால், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பும் அபாயம் உண்டு.

பயாப்ஸி கட்டாயமா?

எல்லா ஆய்விலும் இல்லை. எடுத்தால் மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். சின்னத் தழும்பு இருக்கும்.

க்ரீம் குழாயை ஏன் திருப்பிக் கேட்கிறார்கள்?

எடை போடத்தான். கொடுத்தபோது எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு என்று பார்த்தால் நீங்கள் பூசிய அளவு தெரியும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். பூச மறந்த நாளை மறந்தேன் என்றே எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கர்ப்பிணிகள் சேரலாமா?

பெரும்பாலான மருந்தாய்வுகளில் முடியாது. முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயினும் சொரியாசிஸுக்கான மெதோட்ரெக்ஸேட்டும் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் கருத்தரிக்கக்கூடியவர்களிடம் பரிசோதனையும் கருத்தடையும் கேட்பார்கள். கேள்விகள் அந்தரங்கமாக இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மூலிகை மருந்துக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டும். தோலுக்கு இலைச்சாறும் வேதிப்பொருள்தான். ஒவ்வாமை தரும் செடிகள் எத்தனையோ உண்டு. நல்ல மூலிகை, நேர்மையான ஒப்பீட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

என் புகைப்படம் எங்கே போகும்?

தோல் ஆய்வில் படம் எடுக்காமல் இருப்பது அரிது. கண்ணை மறைத்தால் போதும் என்று சொன்னால் ஏற்காதீர்கள். பச்சை குத்தியது, மச்சம், தழும்பு எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆய்வுக்கு மட்டும், பாடம் நடத்த, இதழில் அச்சிட என்று தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். முதலாவதற்கு மட்டும் 'சரி' சொல்லலாம்.

நம்பகமான ஆய்வு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முறையான ஆய்வு ஆரம்பிக்குமுன்பே பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும். பல நாடுகளின் பதிவேடுகளையும் சேர்த்துத் தேட உலக சுகாதார நிறுவனம் இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் தர வேண்டும். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டாலோ, நிச்சயம் குணமாகும் என்று வாக்குக் கொடுத்தாலோ சேர வேண்டாம். நிச்சயம் தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

ஆய்வு முடிந்தபின் அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

பல வருடம் கழித்து முதன்முறையாகத் தோல் தெளிந்து, முழுக்கை சட்டையை விட்டுவிட்டு அரைக்கைக்கு வந்தவருக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. சில ஆய்வுகள் அனுமதி கிடைக்கும்வரை மருந்தைத் தரும். சில கடைசி நாளோடு நிறுத்திவிடும். ஆய்வுக்குப் பிறகான ஏற்பாட்டை முன்கூட்டியே திட்டமிட்டு, பங்கேற்பவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்கிறது, மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளுக்கு நெறிமுறை வகுக்கும் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம். ஒப்புதல் படிவத்தில் 'ஆய்வு முடிந்த பிறகு' என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், உங்களுக்கு வந்தது மருந்தா வெறும் க்ரீமா என்பதையும் முடிவுகளையும் சொல்வார்களா என்பதோடு சேர்த்து அதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.